வயதான பெற்றோரின் நியூயார்க் பயணம்: போகும்போதும் திரும்பும்போதும்

கேள்வி: நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அம்மாவுக்கு 66, மூட்டுவலி உண்டு. ஜூன் மாதம் சென்னையிலிருந்து துபாய் வழியாக நியூயார்க் வந்து, நவம்பர் இறுதியில் ஊர் திரும்புகிறார்கள். இருவருக்கும் இதுவே முதல் வெளிநாட்டுப் பயணம், அதுவும் துணையில்லாமல். அவ்வளவு நேரம் விமானத்தில் எப்படிச் சமாளிப்பார்கள்?

பதில்:

சமாளித்துவிடுவார்கள். விமான நிலையத்தில் பயணிகள் சேவைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மகளைப் பார்க்க இதே வழியில் நானும் போய் வருகிறேன். முதல் முறை பறக்கும் பெரியவர்களை அதிகம் வாட்டுவது அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத தவிப்புதான். அதை நீங்கள் வீட்டிலிருந்தே பேசித் தீர்த்துவிடலாம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வருகைக்கு மாதக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். திரும்பும் பயணத்தை அதன் போக்கில் விட்டுவிடுகிறார்கள். உடம்புக்கு இரண்டில் கடினமானது திரும்பும் பயணம்தான். அதனால் இரண்டையும் பற்றி எழுதுகிறேன்.

மணிக்கணக்கை ஒரு தாளில் தமிழில் எழுதி அவர்களிடம் கொடுங்கள். சென்னையிலிருந்து துபாய்க்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். துபாயிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் சுமார் 11,000 கிலோமீட்டர். போகும்போது ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். அதே தூரத்தைத் திரும்பும்போது பன்னிரண்டரை மணி நேரம் போலக் கடந்துவிடலாம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்றோட்டம் திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது, போகும்போது எதிர்த்து நிற்கிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் கூடும். காற்றைப் பொறுத்து விமானத்தின் பாதையும் நாளுக்கு நாள் மாறும். "போன தடவை வேறு வழியில் போனதே" என்று யாராவது சொன்னால் பயப்பட ஒன்றுமில்லை.

துபாயிலிருந்து காலை எட்டரை மணி அளவில் கிளம்பும் விமானமானால் பயணம் முழுக்கப் பகல்தான். மேற்கு நோக்கிப் போவதால் சூரியன் கூடவே வரும். அறையை இருட்டாக்கியிருக்கும் நேரத்தில் ஜன்னல் மூடியைச் சற்றே தூக்கினாலும் கண் கூசும் வெளிச்சம். நியூயார்க்கில் இறங்கும்போது அங்கே பிற்பகல் இரண்டரை. சென்னையில் அப்போது நள்ளிரவு பன்னிரண்டு. உங்கள் அப்பாவின் உடம்பு சென்னை நேரத்தில்தான் இருக்கும். இமிகிரேஷன் வரிசையில் அவர் தள்ளாடினால் காரணம் அது.

டிக்கெட் எடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை சில. துபாயில் இடைவெளி குறைந்தது இரண்டரை, மூன்று மணி நேரம் இருக்கட்டும். ஒன்றரை மணி நேர இணைப்பில் நீங்கள் ஓடிப் போய் ஏறிவிடலாம்; மூட்டுவலி உள்ளவரால் முடியாது. அந்த விமான நிலையத்தில் நடை தூரம் அதிகம், சில வாயில்களுக்கு உள்ளேயே ரயில் ஏறிப் போக வேண்டியிருக்கும். துபாய் வரையிலான விமானமும் அங்கிருந்து ஏறும் விமானமும் ஒரே முன்பதிவில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பாகிறது. பெட்டிகளையும் நியூயார்க்கில் எடுத்துக்கொண்டால் போதும்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்யுங்கள். கடைசி நேரத்தில் கவுன்டரில் கேட்டால் காத்திருக்க நேரும். அப்பா நன்றாக நடக்கிறார் என்றால் அவருக்குக் கேட்க வேண்டாம். நாற்காலியின் கூடவே நடந்து போகட்டும், உதவியாளர் இருவரையும் சேர்த்தே அழைத்துப் போவார். வழிகாட்ட ஆள் கிடைக்கும் என்பதற்காக நடக்கக்கூடியவர்களும் நாற்காலி கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதனால் உண்மையிலேயே நடக்க முடியாதவர்கள் விமான வாசலில் அரை மணி, முக்கால் மணி காத்துக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். உங்கள் அம்மா "எனக்கு எதற்கு நாற்காலி, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்பார். விமானத்துக்குள் தேவையில்லை, விமான நிலையத்துக்குள் மட்டும்தான் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

இருக்கை விஷயத்தில் நடைபாதை ஓரமும் அதற்கு அடுத்ததும் இருவருக்கும் போதும். ஜன்னல் ஓரம் ஆசையாகத்தான் இருக்கும்; ஆனால் ஒவ்வொரு முறையும் தூங்குகிறவரை எழுப்பச் சங்கடப்பட்டு, தண்ணீரைக் குடிக்காமல், கழிப்பறைக்கும் போகாமல் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் நம் அம்மாக்கள்தான்.

அப்பாவின் இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். பெரிய பெட்டி போகும் சரக்கு அறையில் அது உறைந்து கெட்டுப் போகலாம். பாதியை அம்மாவின் பையிலும் வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் மருந்து கையில் இருக்கும். மருந்துகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாமல், மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டோடு எடுத்து வரச் சொல்லுங்கள். எந்த நேரத்துக்கு எவ்வளவு இன்சுலின் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். மேற்கே வரும்போது அவருடைய ஒரு நாள் ஒன்பதரை மணி நேரம் நீள்கிறது; நவம்பரில் திரும்பும்போது பத்தரை மணி நேரம் சுருங்குகிறது. அளவும் நேரமும் அதற்கேற்ப மாறும். இரண்டு பயணத்துக்கும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் கைக்கடிகாரம் விமானத்தில் சென்னை நேரத்திலேயே இருக்கட்டும். வீட்டுக்கு வந்தபின் மாற்றிக்கொள்ளலாம்.

பெட்டி கட்டும் நாளில் வீடியோ அழைப்பில் நீங்களும் உடன் இருங்கள். நம் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். கைது வரைக்கும் போயிருக்கிறது. துபாய் வழியாக வருபவர்கள் அதை எந்தப் பையிலும் வைக்கக் கூடாது. கோடெய்ன் கலந்த இருமல் மருந்துக்கும் டிரமடால் போன்ற வலி மாத்திரைக்கும் அங்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு. மூட்டுவலிக்கு அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். கொப்பரைத் தேங்காயை எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கக்கூடிய பொருளாகக் கருதி விமானத்தில் மறுக்கிறார்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். எமிரேட்ஸ் நிறுவனம் 2025 அக்டோபர் முதல் அதை விமானத்துக்குள் பயன்படுத்தவும் தடை விதித்திருக்கிறது.

அமெரிக்காவில் இறங்கும்போது சிக்கல் தருவது கறிவேப்பிலை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கி வரும் என்பதால் அனுமதிக்க மாட்டார்கள். பச்சைக் காய்கறி, பழம், இறைச்சி எதுவும் வேண்டாம். விமானத்தில் சாப்பிடக் கொடுத்த பழத்தைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. 2018இல் பாரிஸிலிருந்து வந்த ஒரு பயணி, விமானத்தில் கொடுத்த ஓர் ஆப்பிளைப் பையில் வைத்திருந்ததற்காக 500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டார். சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டால் "ஆமாம், பொடி, பலகாரம் இருக்கிறது" என்று சொல்வதுதான் சரி. சொன்ன பொருளை அதிகபட்சம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறைத்த பொருளுக்குத்தான் அபராதம்.

சாப்பாட்டைக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். சைவம் என்றால் ஏ.வி.எம்.எல். (AVML) என்ற குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். ஆசிய முறைச் சைவ உணவு, ஓரளவு நம் நாக்குக்கு ஒத்துவரும். வெறுமனே சைவம் என்று போட்டால் வேகவைத்த காய்கறியும் பாஸ்தாவும் வரக்கூடும். சர்க்கரை நோயாளிக்கென்று டி.பி.எம்.எல். (DBML) உண்டு. அதில் சைவமும் அசைவமும் எப்படிக் கலந்திருக்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் கேட்டுவிட்டுப் பதியுங்கள். அப்பா சைவமென்றால், ஏ.வி.எம்.எல். வாங்கிக்கொண்டு இனிப்பை ஒதுக்குவதுதான் என் யோசனை.

விமானச் சாப்பாடு சப்பென்று இருப்பதற்குச் சமையல்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் விமானத்துக்குள் இருக்கும் அழுத்தத்தையும் வறட்சியையும் தரையில் உருவாக்கிச் சோதித்தபோது, உப்பும் இனிப்பும் நாக்கில் மங்கலாகத் தெரிவதைக் கண்டார்கள். அதனால் எண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவிய இட்லி ஒரு பொட்டலம் கையோடு இருந்தால் இருவருக்கும் பெரிய ஆறுதல். பயணம் முடிவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். தயிர்சாதம் வேண்டாம்; தயிர், சட்னி போன்றவற்றைப் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகக் கருதி எடுத்துவிடலாம். ஆனால் அப்பாவிடம் சில பிஸ்கட்டுகளும் கொஞ்சம் குளுக்கோஸும் எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்ட பிறகு, விமானம் குலுங்குகிறது என்று உணவு வண்டியை நிறுத்திவிட்டால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். தட்டு மேசைக்கு வந்த பிறகு ஊசி போட்டுக்கொள்வது பாதுகாப்பு.

விமானத்துக்குள் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பது போல இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருக்கும் அளவுக்கே வைத்திருப்பார்கள். அதாவது அம்மாவும் அப்பாவும் 14 மணி நேரம் ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போல. வயிற்றில் இருக்கும் வாயு அந்த அழுத்தத்தில் கால் பங்குக்கு மேல் விரியும். முந்தின நாள் சுண்டல், மொச்சை, உருளைக்கிழங்கு எல்லாம் தவிர்த்தால் வயிறு உப்பாது. விமானத்தில் கொடுக்கும் சோடா பானங்களையும் அதே காரணத்துக்காகத் தவிர்க்கட்டும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். கண்ணும் மூக்கும் உதடும் காயும். தேங்காய் எண்ணெயோ வாசலினோ சின்ன டப்பாவில் போதும். மூச்சுக் கோளாறு, இதயக் கோளாறு, அண்மையில் ஏதாவது அறுவை சிகிச்சை என்றால் மருத்துவரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். விழித்திரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வாயுக் குமிழ் வைத்திருந்தால், அது கரையும் வரை பறக்கவே கூடாது.

காலைப் பற்றி இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் ஆழத்தில் உள்ள ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. அப்படியும் அது சுமார் ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான். பயப்படுத்த இதைச் சொல்லவில்லை; தடுக்கும் வழி அவ்வளவு எளிது. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறை எழுந்து விமானத்தின் பின்பக்கம் வரை நடந்து வரட்டும். உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது, பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, இப்படி மாற்றி மாற்றி இருபது முறை. கெண்டைக்கால் தசை இறுகும்போதெல்லாம் ரத்தம் மேலே ஏறுகிறது. முழங்காலுக்குக் கீழே வரும் அழுத்தக் காலுறையும் நல்லது. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால், காலில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகுதான் அணிய வேண்டும். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். ஆறேழு மணி நேரம் கால் அசையாமல் கிடப்பதுதான் நாம் தவிர்க்கப் பார்க்கும் நிலை.

கால் எப்படியும் கொஞ்சம் வீங்கும். புதுச் செருப்போ இறுக்கமான ஷூவோ வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள். பட்டையைத் தளர்த்திக்கொள்ளக்கூடிய, பழகிய காலணிதான் வேண்டும்.

கழிப்பறையைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, அம்மா கேட்கவும் மாட்டார். அதனால் நீங்களே சொல்லுங்கள். கதவு பெரும்பாலும் நடுவில் மடியும் கதவாக இருக்கும். கைப்பிடியைத் தேடி இழுக்காமல் நடுவில் கை வைத்துத் தள்ளினால் உள்பக்கம் மடிந்து திறக்கும். உள்ளே போய்த் தாழ்ப்பாளை நகர்த்தினால்தான் விளக்கு நன்றாக எரியும். இருட்டாக இருக்கிறதே என்று திரும்பி வந்துவிடும் பெரியவர்கள் உண்டு. தண்ணீர் ஊற்றிக் கழுவ ஏற்பாடு பெரும்பாலும் இருக்காது. அரை லிட்டர் காலி பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கைப்பையில் கொடுத்து அனுப்புங்கள். உள்ளேயுள்ள குழாயில் பிடித்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். மூடியை மூடிவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். காற்றால் உறிஞ்சும் முறை என்பதால் பெரிய உறுமல் கேட்கும், அவ்வளவுதான். தரை ஈரமாக இருக்கும். காலுறையோடு போகக் கூடாது. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்த உடனே எல்லோரும் எழுந்து வரிசையில் நிற்பார்கள். அதற்குச் சற்று முன்னாலோ அரை மணி கழித்தோ போனால் நிம்மதியாக இருக்கும்.

இறங்கத் தொடங்கும்போது தூங்கிக்கொண்டிருந்தால் காது அடைத்து வலிக்கும். கடைசி அரை மணி நேரம் விழித்திருந்து எதையாவது மென்றுகொண்டோ சிறிது சிறிதாகத் தண்ணீர் விழுங்கிக்கொண்டோ இருக்கச் சொல்லுங்கள்.

இமிகிரேஷனில் கேட்பது சில கேள்விகள்தான்: யாரைப் பார்க்க வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள். உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண், திரும்பும் டிக்கெட்டின் நகல், இவற்றோடு "இவர்கள் தமிழ் மட்டுமே பேசுவார்கள், அப்பா இன்சுலின் போடுகிறார்" என்று ஆங்கிலத்தில் எழுதிய தாள் ஒன்று இருவர் பையிலும் இருக்கட்டும். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே படுக்கைக்கு அனுப்பிவிடாதீர்கள். உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தை நகர்த்துவதில் வெளிச்சத்துக்குத்தான் முதலிடம். அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்தவர்களுக்குத்தான் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வழக்கமாக விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு உடம்பின் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்துக்கு முந்தைய மணிகளில் வெளிச்சம் பட்டால் கடிகாரம் பின்னுக்குப் போகும். பிந்தைய மணிகளில் பட்டால் முன்னுக்கு வரும். சென்னையின் விடியற்காலை நாலரை, நியூயார்க்கில் மாலை ஏழு. ஆகவே முதல் சில நாள்கள் பிற்பகல் நான்கு மணி முதல் ஏழு வரை இருவரையும் வெளியே நடக்க வையுங்கள். ஜூன் மாதத்தில் எட்டு மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். இரவு எட்டரைக்குப் படுக்கட்டும். அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பதறாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வீதம்தான் உடம்பு நகரும். ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்த வாரத்தில் நயாகரா போக வேண்டாம்.

இனி நவம்பர். மேற்கே வரும்போது நாள் நீள்கிறது. உடம்பின் இயல்பான சுற்று 24 மணி நேரத்துக்குச் சற்று அதிகம் என்பதால் நாள் நீள்வதை அது எளிதில் ஏற்கும், சுருங்குவதை எதிர்க்கும். அதிலும் நவம்பரில் அமெரிக்கக் கடிகாரம் மாறிவிடுவதால் வித்தியாசம் பத்தரை மணி நேரமாகியிருக்கும். நியூயார்க்கில் இரவு பதினோரு மணி போலக் கிளம்பும் விமானம் துபாய் சேரும்போது அங்கே மறுநாள் இரவு எட்டு, எட்டரை. ஒரு முழுப் பகல் காணாமல் போய்விட்டது. அங்கிருந்து சென்னை சேர்ந்து காலை எட்டு மணிக்கு வீட்டுக் கதவைத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; உடம்புக்கு அப்போது இரவு ஒன்பதரை.

இந்த உடல் சோர்வோடு மனமும் சேர்ந்துகொள்கிறது. வரும்போது பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் ஆவல் அந்த 14 மணி நேரத்தைத் தாங்கிப் பிடிக்கும். திரும்பும்போது அந்த ஆவல் இல்லை. பூட்டிக் கிடந்த வீடு காத்திருக்கிறது. விமானம் ஏறியதும் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு அழும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் கணவர் என்ன சொல்வது என்று தெரியாமல் எதிரே இருக்கும் திரையில் விமானப் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் பெற்றோர் கிளம்புவதற்குள் அடுத்த சந்திப்பு எப்போது என்று ஒரு மாதத்தையாவது பேசி முடிவு செய்துவிடுங்கள். அந்தப் பயணத்தில் அது அவர்களுக்குப் பெரிய துணை.

நடைமுறையில் செய்ய வேண்டியவையும் உண்டு. திரும்பும் பயணத்துக்கும் சக்கர நாற்காலி, சைவ உணவு, இருக்கை எல்லாம் பதிவாகியிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். தேதி மாற்றும்போது இவை அழிந்துபோவது அடிக்கடி நடக்கிறது. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே ஒவ்வொரு நாளும் அரை மணி, ஒரு மணி முன்னதாகப் படுத்து எழட்டும். கிளம்பும் நாளில் கடைத்தெருவும் பெட்டி எடை பார்த்தலும் வேண்டாம். அதை முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

சென்னையில் வீட்டை முன்னதாகவே பெருக்கித் துடைத்து, பால், தயிர், காய்கறி வாங்கி வைக்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அமெரிக்கா போய் வந்தவர்களைப் பார்க்க முதல் நாளே உறவினர்கள் வந்துவிடுவார்கள். அம்மாவும் தூக்கக் கலக்கத்தோடு காபி போட்டுக்கொண்டிருப்பார். மூன்றாம் நாளுக்குப் பிறகு வரும்படி நீங்களே அமெரிக்காவிலிருந்து சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வெளிச்சக் கணக்கு இங்கே வேறு: உடம்பின் விடியற்காலை இப்போது சென்னையின் பிற்பகல் இரண்டரை, மூன்று மணி. ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் காலை வெயிலைத் தவிர்த்து வீட்டுக்குள் இருந்துவிட்டு, பிற்பகல் மூன்றரைக்கு மேல் வெளியே நடப்பது நல்லது. வழக்கமான காலை நடைக்கு அடுத்த வாரம் போகலாம். பகலில் தாங்க முடியாமல் தூக்கம் வந்தால் அரை மணி நேரம் மட்டும், அலாரம் வைத்துக்கொண்டு. அப்பா அந்த வாரம் முழுக்கச் சர்க்கரை அளவை வழக்கத்தைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். தூக்கமும் சாப்பாடும் இடம் மாறியிருக்கும்போது அளவு நள்ளிரவில் சட்டென்று இறங்கக்கூடும்.

அடுத்த நான்கு வாரங்களுக்குள் யாருக்காவது ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைக்காலில் வலியோ வந்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும் நெஞ்சு வலித்தாலும், மூட்டுவலி, வயசு என்று தைலம் தடவிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போய், நீண்ட விமானப் பயணம் செய்து வந்திருக்கிறோம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். இதை அப்பாவிடம் மட்டும் சொல்லாமல், பக்கத்தில் இருக்கும் உறவினர் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள்.